வீடு இடித்த மரம், பேலட், காயலான் கடை இரும்பு: பட்டறைக்கு மேசையும் ரேக்கும் செய்ய யோசனை தேவை

மண்ணச்சநல்லூரான்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினாறு அடியில் கொட்டகை போட்டாயிற்று. உள்ளே ஒரு வேலை மேசை, மரம் அடுக்க ரேக், ஆணி திருகு சாமான் வைக்க அலமாரி, இவ்வளவும் வேண்டும். புதுப் பலகை வாங்குவதாக இல்லை.

எங்கள் தெருவில் இடித்த ஓட்டு வீட்டிலிருந்து தேக்கு உத்தரம் நாலு வாங்கினேன். எட்டடிக்குக் குறையாத நீளம், ஆறுக்கு நாலு அங்குலம். கூடவே கைமரம் ஒரு கட்டு, பெயின்ட் அடித்த பழைய கதவு ஒரு ஜோடி, ஃபிளஷ் டோர் இரண்டு. நண்பர் கம்பெனியிலிருந்து பைன் பேலட், சரக்கு அடுக்கும் மரத்தட்டு, பத்துப் பன்னிரண்டு வருகிறது.

உத்தரத்தை மில்லில் கொடுத்து அறுத்து மேசைக்கு மேல்பலகை போடலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஆசாரி, "கூரையைத் தாங்குன மரத்த மேசைக்கு அறுக்காதீங்க தம்பி" என்கிறார். காரணம் கேட்டால் சிரிக்கிறார். மேசை காலத்துக்கும் நிற்க வேண்டும் என்றுதானே நல்ல மரம் போடுகிறோம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செட்டிநாட்டு உளி

தம்பி, ஆசாரி பேச்சைக் கேளுங்கள். காரணத்தை நான் சொல்கிறேன்.

வேலை மேசைக்கு வேண்டியது கனமும் மட்டமும். மர ஜாதி எல்லாம் அதற்குப் பிறகுதான். மேல்பலகை உளி வாங்கும், சுத்தியல் வாங்கும், ஃபெவிகால் வழியும், ரம்பம் பாயும். சில வருஷத்துக்கு ஒருமுறை இழைத்து மட்டம் பார்க்கவும் வேண்டிவரும். அதற்கு வைரம் பாய்ந்த தேக்கை ஏன் கொடுக்க வேண்டும்? அந்தப் பைன் பேலட் பலகையை ஒட்டிப் போட்டாலே போதும். உத்தரத்தை அறுக்காமல் அதே கனத்தில் காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் போடுங்கள். ஆறுக்கு நாலு கால் நின்றால் மேசை இழைப்புக்கு அசையாது. மிச்ச உத்தரம் முழு நீளத்தில் அப்படியே கிடக்கட்டும். நாளைக்கு வீட்டுக்கு ஒரு நிலை, ஒரு ஜன்னல் என்று வரும்போது அந்த நீளமும் கனமும் சேர்ந்தாற்போல் கடையில் கிடைக்காது.

அடுத்தது சுத்தம் செய்வது. இதில்தான் பாதி வேலை. ஓட்டு வீட்டு உத்தரத்தில் சுவருக்குள் உட்கார்ந்திருந்த முனையைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையும் மணலும் நாருக்குள் ஏறியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தட்டாமல் பிளானரில் விட்டால் பிளேடு அன்றோடு போச்சு. தேக்கிலேயே சிலிக்கா உண்டு, அதனால் சும்மாவே பிளேடு சீக்கிரம் மழுங்கும். கரையான் முதலில் பிடிப்பதும் அந்தச் சுவர் முனையைத்தான். குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால், நல்ல மரம் வரும்வரை வெட்டித் தள்ளிவிடுங்கள். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்தால் அதில் உளு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் அந்த வெள்ளையை முழுக்கச் செதுக்கிவிடுவது நல்லது.

துருவேறிய ஆணியை எடுத்ததும் இழுக்கக் கூடாது. தலை பிய்ந்து கையோடு வந்துவிடும், உடம்பு உள்ளே நின்றுவிடும். முதலில் தலையில் ஒரு தட்டு, உள்நோக்கி. கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். துரு பிடி விட்டது என்று அர்த்தம். அப்புறம் குறடு போடுங்கள், அலுங்காமல் வரும். தலை இல்லாததைப் பின்பக்கமிருந்து பஞ்ச் வைத்து அடித்துத் தள்ளுங்கள். உள்ளே புதைந்திருப்பதைக் கண்டுபிடிக்க, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்துக்கு மேல் மெதுவாக நகர்த்திப் போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் நூல் சாயும். கறுப்புக் கறை தெரியும் இடத்தை இரண்டு தடவை பாருங்கள். பழைய மரத்தைச் சில மில்லில் ஏற்றவே மாட்டார்கள். ஏற்றினாலும் ஆணி பட்டு பிளேடு போனால் உங்கள் கணக்கு என்பார்கள். கொண்டு போகுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுச் சாமான் கடை வரிசையாக இருக்கிறது. நகரத்தார் பர்மாவில் வியாபாரம் செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு அதெல்லாம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அந்த வியாபாரமே சரிந்தது. அந்த மரம் இனி அப்படி வரப்போவதில்லை. சித்திரவேலை உள்ள நிலையையும் தூண் தலையில் வரும் போதிகையையும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி அலமாரிக்கு அறுப்பவர்களைப் பார்க்கிறேன், மனசு தாங்கவில்லை. பட்டறைச் சாமானுக்குக் கைமரமும் ரீப்பரும் உடைந்த சட்டமும் தாராளம். செதுக்கு வேலை உள்ளதைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

ஒரகடம்வாசி

பேலட் பற்றி நான் சொல்கிறேன். தினமும் கையாளுகிற சாமான்.

முதலில் முத்திரையைத் தேடுங்கள். பக்கவாட்டுக் கட்டையில் கதிர் படமும், நாட்டுக் குறியீடும், சிகிச்சைக் குறியீடும் சேர்ந்து பதித்திருக்கும். ஏற்றுமதி இறக்குமதிக்குப் போகும் மரப் பெட்டி, பேலட்டுக்கு உள்ள ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிப்படி போடுவது. 'ஹெச்.டி.' என்றிருந்தால் கட்டையின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் விடாமல் ஏறியது. அது நமக்கு ஆகும். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு போட்டது. அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாதது உள்ளூர் ஓட்டத்துக்குச் செய்தது. அதில் என்ன மரம், என்ன சரக்கு ஏறியது என்று விசாரிக்காமல் எடுக்காதீர்கள். ரசாயனமோ எண்ணெயோ ஊறிய பலகை, முத்திரை எதுவானாலும் வேண்டாம்.

சூடு ஏற்றியதால் பூச்சி வராது என்று பலர் நம்புகிறார்கள். அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சி சாகும், அவ்வளவுதான். நாளைக்குக் கரையான் ஏறினால் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது.

பிரிக்கும்போது கடப்பாரை போட்டு நெம்பினால் பலகை பிளக்கும். பேலட் ஆணியில் முறுக்கு இருக்கும், நெம்பலுக்கு வராது. பலகைக்கும் கட்டைக்கும் இடுக்கில் ஹாக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். பலகையில் தங்கிய துண்டைப் பின்பக்கமிருந்து தட்டினால் வந்துவிடும்.

பூட்டூர்

பைன் பேலட்டில் வேலை மேசையா? ரொம்ப இலேசான மரம். இழைப்புளி தள்ளினால் மேசையும் சேர்ந்து போகும். தேக்குதான் சரி என்பது என் கட்சி.

செட்டிநாட்டு உளி

கணக்குப் போட்டுப் பார்ப்போம் சார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குல கனம் என்றால் மூன்று கன அடி. தேக்கில் செய்தால் ஏறக்குறைய 55 கிலோ. பைனில் 40-லிருந்து 45. வித்தியாசம் பத்துப் பதினைந்து கிலோதான். கீழ்த்தட்டில் ஒரு மணல் மூட்டை வைத்தால் சரியாகிவிடும். மேசை ஆடுவதற்குக் காரணம் மேல்பலகையின் எடையை விடக் கால் இணைப்புதான். கழுந்து வெட்டித் துளையில் இறுக்கமாக இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்த கால் ஆடாது. எல்-பட்டியும் திருகும் போட்டு நிறுத்திய கால், மேலே தேக்கே இருந்தாலும் மாதக்கணக்கில் ஆட ஆரம்பித்துவிடும்.

பூட்டூர்

இணைப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேலட் பலகை ஒரு அங்குலத்துக்கும் குறைவான கனம், மூன்று நாலு அடி நீளம். அதை நிறுத்தி வைத்து ஒட்டி ஆறடி மேல்பலகை செய்ய எத்தனை கிளாம்ப் வேண்டும், எவ்வளவு ஃபெவிகால் வேண்டும்? புதுசாகத் தொடங்குகிறவருக்கு அந்த வேலையிலேயே ஆர்வம் போய்விடும். அவரிடம் ஃபிளஷ் டோர் இரண்டு இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லையே?

முதலில் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் உள்ளே பிளாக் போர்டு, அதாவது மரக்கட்டை நெருக்கி அடுக்கி ஒட்டியது. பறை மாதிரி அதிர்ந்தால் உள்ளே வெற்றிடம், அது அலமாரிக் கதவுக்குத்தான் ஆகும். கெட்டியான கதவு இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி, அடியிலிருந்து திருகு போட்டு இறுக்கினால் இரண்டரை அங்குலத்துக்கு மேல் கனம் வந்துவிடும். அதுவும் மட்டமாக. ஓரத்தில் தேக்குக் கைமரத்தை ரீப்பராக்கிப் பட்டி அடியுங்கள், முனை உடையாது. மேலே ஒரு ஹார்டுபோர்டு, ஒட்டாமல் திருகு மட்டும் போட்டு. பழசானால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். குளியலறைக் கதவாக இருந்தால் அடிப்பக்கம் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். அதை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

செட்டிநாட்டு உளி

அருமை. இந்த யோசனைக்கு நான் முழுச் சம்மதம். கிடைத்த சாமானை முன்னால் பரப்பி வைத்துவிட்டு அப்புறம் படம் போட வேண்டும் என்பது இதுதான். மேசை நீளம் ஆறடியா ஆறேகாலா என்பதைக் கதவே முடிவு செய்யட்டும்.

தென்காசி செல்வி

அண்ணா, அந்தப் பெயின்ட் அடித்த கதவு ஜோடியை என்ன செய்யப் போகிறீர்கள்? சாண்டர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டை ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்வது பத்திரம். உலரத் தேய்த்தால் தூசி கொட்டகை முழுக்கப் படியும், துணியோடு வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் இதில் நான் மிகக் கண்டிப்பு. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுங்கள், சுரண்டியதைக் காகிதத்தில் ஏந்தி மூடி எடுத்துவிடுங்கள். கொளுத்தாதீர்கள். இல்லையென்றால் பெயின்டை அப்படியே விட்டு, மேலே ஒரு கோட் புதுசு அடித்து அலமாரிக்கு முதுகாகப் போட்டுவிடுங்கள்.

ரயில்வே ஸ்லீப்பர் கட்டை, கூலிங் டவர் கழித்த மரம் இரண்டும் மலிவாக வரும், வாங்காதீர்கள். ஸ்லீப்பரில் கிரியோசோட் என்ற தாரெண்ணெய் ஊறியிருக்கும், வெயில் பட்டால் கசியும். கூலிங் டவர் மரத்தில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்துக் கலவையை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் கண்டுபிடித்தார். மரம் பல காலம் அழுகாது, உண்மைதான். ஆனால் அறுக்கிற தூசியும் எரிக்கிற சாம்பலும் விஷம். இலேசான பச்சைச் சாயல் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

சிங்காநல்லூர் லேத்

மேசையில மரத்தை இறுக்கிப் பிடிக்கற வைஸ் பற்றி யாரும் பேசக் காணோம். புது மர வைஸ் விலை கேட்டால் மேசை முழுக்கச் செய்த செலவைத் தாண்டும். நான் சொல்றது கான்கிரீட் சென்ட்ரிங் வேலைக்குப் போடற யூ-ஜாக்கிங்க. பழைய இரும்புக் கடையில எடைக்குக் கிடைக்கும். ஒன்றேகால், ஒன்றரை அங்குலத் தண்டு, பெரிய மரை, காது வைத்த நட்டு. வேறென்ன வேணும்?

மேசையின் முன் காலில் தண்டு போகத் துளை போடுங்க. காலின் பின்பக்கம் அந்த நட்டை வைத்து, காதுகளை ஒரு இரும்புப் பட்டையால அமுக்கிப் போல்ட் போட்டுடுங்க, சுத்தாம நிக்கணும். யூ பகுதியை அறுத்துப்போட்டு, அந்த முனையில ஒரு தடிச்ச வாஷரைச் சுத்தி வெல்டு வைங்க. அதுக்கு வெளியே குறுக்கே ஒரு குழாய்த் துண்டு வெல்டு வைத்து, உள்ளே கம்பி விட்டால் கைப்பிடி ஆச்சு. முன்தாடைக்கு உங்க உத்தரத்துல ஒரு துண்டு. தண்டு தாடையைத் தாண்டி நட்டுக்குள்ள போகும், வாஷர் தாடையை அமுக்கும். தாடையோட அடியில ஒரு பட்டையைக் கோர்த்து, அது காலுக்குள்ள ஓடற மாதிரி துளை போட்டு, பின் குத்த ஓட்டை வரிசையா வைங்க. மேல எவ்வளவு தடிமன் பிடிக்கிறீங்களோ அதே அளவுக்குக் கீழேயும் பின் குத்தினாத்தான் தாடை நேரா பிடிக்கும், இல்லேன்னா சாயும். மரையில கிடக்கிற சிமென்டைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்துட்டு கிரீஸ் தடவுங்க.

ஒண்ணே ஒண்ணு. ஜாக்கியோ ஆங்கிளோ வெள்ளை முலாம் பூசினதா இருந்தால், வெல்டு வைக்கிற இடத்துல துத்தநாகத்தை கிரைண்டர்ல எடுத்துடுங்க. எடுக்காம வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதை மூச்சுல இழுத்தா அன்னைக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் நிச்சயம். திறந்த வெளியில, காத்துக்கு முதுகு காட்டி நிக்காம பக்கவாட்டுல நின்னு வைங்க.

வடமராட்சி

வணக்கம் அண்ணையாக்கள். எங்கட பக்கத்துப் பழைய வீடுகளில தேக்கு இல்லை, பனைதான். கைமரம், சிலாகை எல்லாம் முத்தின பனை. வீடு இடிக்கேக்க அதை விறகுக்கு அள்ளிக்கொண்டு போறதைப் பாக்க வயிறு எரியும்.

மரம் அடுக்கிற ரேக்குக்குப் பனையைவிட நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்லை. வெளிப்பக்கம் கறுத்து இறுகி இருக்கும், உள்ளுக்குப் போகப் போக மெதுவா, சோத்தியா வந்திடும். அதால வைரப் பக்கம் சுமை ஏறுற மாதிரித் திருப்பி வைக்கவேணும். ஆணி அடிச்சால் வெடிக்கும், முதல்ல துளை போட்டுப் போல்ட் பூட்டுங்கோ. உளி வேலை செய்யப் போனால் உளி போயிடும், இணைப்பெல்லாம் போல்ட்டிலயே முடியுங்கோ. முக்கியம், விளிம்பை நல்லா உரஞ்சி விடுங்கோ. பனஞ்சிராம்பு கையில ஏறினால் உடைஞ்சு உள்ளுக்க நிண்டு சீழ் கட்டும். மேசைக்கு மேல்பலகையா மட்டும் போடாதேங்கோ.

பேராவூரணி

தென்னைக்கும் இதேதான். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தபோது, அகற்றக்கூட ஆளில்லாமல் மரம் மட்கிப்போனது. தென்னை மட்கவேண்டிய மரம் இல்லை. அடிமரத்தின் வெளிச்சுற்றில் ஒரு கன மீட்டர் 600 கிலோவைத் தாண்டும், நல்ல கட்டிடமரம்தான். நடுப்பகுதி 400-க்கும் கீழே, அதை ஒதுக்கிவிட வேண்டும். சாய்ந்த சூட்டோடு அறுத்து, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கினால் பூஞ்சை பிடிக்காது. அப்படி அறுத்த சட்டத்தில் செய்த ரேக்கில்தான் எங்கள் பம்புசெட் சாமான் முழுக்க இன்றும் இருக்கிறது.

மண்ணச்சநல்லூரான்

எல்லாருக்கும் நன்றி. உத்தரத்தை அறுக்கவில்லை, காலுக்கு மட்டும்தான். மேலே ஃபிளஷ் டோர். யூ-ஜாக்கி இரண்டு எடுத்துவந்துவிட்டேன். உயரம் எவ்வளவு வைப்பது? எங்கள் ஆசாரி தரையில் உட்கார்ந்துதான் இழைக்கிறார், அவருக்கு மேசையே பிடிக்கவில்லை.

செட்டிநாட்டு உளி

செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடியும் இடம்தான் உயரம். கை இழைப்பு அதிகம் என்றால் ஒன்றிரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். உடம்பின் எடை இழைப்புளி மேல் விழ வேண்டும், தோள் தூக்கக் கூடாது.

ஆசாரியின் முறையைத் தள்ளிவிடாதீர்கள். காலால் மரத்தைப் பிடித்து, உடம்பு முழுக்க வேலையில் இறங்கிச் செய்த கை அது. பல வீட்டுக் கதவுகள் அப்படித்தான் உருவாயின. காலுக்கு வெட்டியது போக உத்தரத்தில் நல்ல பகுதி நாலடி தேறினால், முழங்கால் உயரத்தில் தாழ்ந்த பட்டறைக்கட்டை ஒன்று செய்யுங்கள். நாலு கால், சற்று அகட்டி வைத்து. மரத்தின் மேல் உட்கார்ந்து துளை வெட்டவும், முழங்கால் வைத்து ரம்பம் போடவும் அதற்கு ஈடில்லை. ஆசாரியும் அதில் உட்காருவார், நீங்களும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

கந்தக பூமி

சின்னச் சாமானுக்கு அலமாரி கேட்டிருந்தீர்கள். எங்கள் சிவகாசியில் பழைய லெட்டர்பிரஸ் அச்சகங்கள் மூடியபோது எழுத்துக் கேஸ் எல்லாம், அதாவது அச்செழுத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டுவைக்கும் மரத்தட்டு, எடைக்குப் போனது. இன்னும் தேடினால் கிடைக்கும். தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷைவிடக் கட்டம் நிறைய வேண்டும், அதனால் தமிழ்க் கேஸில் திருகு, வாஷர், பிரேடு என்ற சின்ன ஆணி எல்லாம் அளவு வாரியாகப் பிரித்துப் போட்டுவிடலாம். ரேக்கோடு கிடைத்தால் விடாதீர்கள். கட்டத்தின் மூலையில் படிந்த சாம்பல் நிறத் தூசி ஈயம். செல்வி அக்கா சொன்னபடி உலரத் துடைக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒரு கோட் வார்னிஷ் அடியுங்கள்.

கேஸ் கிடைக்காவிட்டால் 15 கிலோ எண்ணெய் டின். நீளவாக்கில் ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டிவிட்டால் இழுப்பறை தயார். பேலட் பலகையில் கூடு அடித்து உள்ளே தள்ளுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு சுவர் முழுக்க அதுதான்.

மண்ணச்சநல்லூரான்

கால் நாலும் நின்றுவிட்டது. கழுந்து ஆசாரியே வெட்டிக் கொடுத்தார். கதவு இரண்டும் ஒட்டி, மேலே ஹாலோ பிளாக் அடுக்கி வைத்திருக்கிறது. கடைசியாக ஒரு சந்தேகம்: தேக்குக் காலுக்கும் கைமர ரேக்குக்கும் என்ன பூசுவது? முந்திரி எண்ணெய் அடி என்கிறார் ஒருவர், லின்சீட் ஆயில் என்கிறார் இன்னொருவர்.

சிங்காநல்லூர் லேத்

முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் தரையைத் தொடற அடிப்பகுதிக்கு மட்டுங்க. பூச்சி அண்டாது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளிச்சிடும், கையுறை இல்லாம தொடாதீங்க. கை படற இடத்துக்கு லின்சீட்.

செட்டிநாட்டு உளி

பேலட் பலகைக்கு எண்ணெய்க்கு முன்னால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீர் இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் அது உறிஞ்சும், எண்ணெய் மேல் ஏறாது.

லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானே தீப்பிடிக்கும். கொட்டகையில் இழைப்புச் சீவல் கிடக்கும் இடம் வேறு. வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். ஹாலோ பிளாக்கை ஒரு நாள் முழுக்க எடுக்காதீர்கள், மழை ஈரம் இருந்தால் இரண்டு நாள்.